டிக்கியைத் திற... அடுப்பைப் பத்த வை!

விசா ஸ்டாம்ப் ஆயிடுச்சு, ஆகஸ்ட் ஃப்ளைட்டுக்கு டிக்கெட் போட்டாச்சு, வீட்டுல அம்மா பருப்புப் பொடி அரைக்க ஆரம்பிச்சுட்டாங்க... இந்த கோஷ்டிக்குத்தான் இந்த வாரப் பகுதி. போகாதவங்க பக்கத்தைத் திருப்பிடாதீங்க. உங்க செட்டுல யாராவது ஒருத்தன் போவான், அக்டோபர்ல போட்டோ அனுப்புவான். பின்னாடி பிரமாண்டமா ஒரு ஸ்டேடியம், முன்னாடி டிக்கி திறந்து கிடக்கற கார், பக்கத்துல மடக்கு மேஜை மேல குட்டியா ஒரு கேஸ் அடுப்பு, கையில இடுக்கியோட நம்மாளு. அந்த அடுப்பைப் பத்தித்தான் இன்னிக்கு பேச்சு.

முதல்ல, 'டெயில்கேட்'னா என்ன? பிக்கப் டிரக்குக்குப் பின்பக்கம் மடக்கி இறக்கற கதவு. அதை இறக்கி, மேஜை மாதிரி வெச்சு, மேட்ச்சுக்கு முன்னாடி கூட்டமா சமைச்சு சாப்பிடறதுக்கும் அதே பேர் ஒட்டிக்கிச்சு. அங்கே ஃபுட்பால்னா நம்ம ஊர் ஃபுட்பால் இல்லீங்க. நீள்வட்டப் பந்தைக் கையில அணைச்சுக்கிட்டு முட்டி மோதற ஆட்டம். செப்டம்பர்ல சூடு பிடிச்சா நவம்பர் கடைசி வரைக்கும் சனிக்கிழமை ஆனா காலேஜ் மேட்ச்தான். மிச்சிகன் யுனிவர்சிட்டி ஸ்டேடியத்துல மட்டும் 1,07,601 பேர் உட்காரலாம். பென் ஸ்டேட், டெக்சாஸ் ஏ அண்ட் எம் ஸ்டேடியங்களும் லட்சத்தைத் தாண்டின பார்ட்டிகள்தான். மேட்ச் மத்தியானம்னா காலையிலயே பார்க்கிங் ஃபுல்! ஆட்டத்தோட ரூல் ஒண்ணு கூடப் புரியாதவன் கூட இந்த பார்க்கிங் கூத்துக்குப் போவான். லேப்ல ரெண்டு மாசமா வெறும் 'ஹாய்'யோட நிக்கற பழக்கம், ஒரு தட்டு சாப்பாட்டுக்கு அப்புறம்தான் பேச்சா மாறும்.

சரி, ரூம்ல நாலு பேர் சேர்ந்து காசு போட்டு ஒரு கிரில் வாங்கிடலாம்னு முடிவு பண்றீங்க. மேட்ச்சுக்கும் ஆச்சு, லீவுல கேம்ப்பிங் போனாலும் ஆச்சு. கடைக்குள்ள நுழைஞ்சா ஐம்பது அறுபது டாலர்ல ஆரம்பிச்சு முன்னூறுக்கு மேல வரைக்கும் வரிசையா நிக்குது. பளபளன்னு ஸ்டீல், அட்டையில கொட்டை எழுத்துல ஒரு நம்பர். 'இருக்கறதுல பெரிய நம்பரைத் தூக்குடா'ன்னு ஒரு குரல் வரும். அந்தக் குரலை வெளியில நிறுத்திட்டு, நான் சொல்ற வரிசையில யோசிங்க: என்ன சமைக்கப் போறீங்க, எந்த கேஸ், அந்த கேஸை எங்கே வைப்பீங்க? அடுப்போட மாடல் கடைசியில வந்தாப் போதும்.

என்ன சமைக்கறதுங்கறதுல ஆரம்பிப்போம். கிரில்னா கம்பி கம்பியா இருக்கற வலை. அதுல நெருப்பு நேரா மேல வரும். பர்கர், சிக்கன் லெக், சாஸேஜ் போட பொருத்தம். நம்மாளுக்கு? பன்னீரும் குடமிளகாயும் குச்சியில குத்தி வெக்கலாம், மெரினா பீச் ஸ்டைல்ல சோளக்கதிரைச் சுட்டு எலுமிச்சை, மிளகாய்ப் பொடி, உப்பு தடவலாம். அதை வெள்ளைக்காரன் கையில கொடுத்துப் பாருங்க, அடுத்த வாரம் அவனே சோளம் வாங்கிட்டு வருவான். ஆனா தோசை? கம்பி வழியா மாவு ஒழுகினா பர்னர் காலி! முட்டை தோசை, கொத்து பரோட்டா, பொடிமாஸ்னு கனவு இருந்தா உங்களுக்கு வேண்டியது கிரில் இல்லை, 'கிரிடில்'. தட்டையா, பெரிய தோசைக்கல் மாதிரி இரும்புத் தகடு. பிளாக்ஸ்டோன் கம்பெனிக்காரங்க 17 அங்குலம், 22 அங்குலம்னு மேஜை மேல வைக்கற சைஸ்லயே போடறாங்க. எண்ணெய் காட்டிப் பழக்கணும், சோப்பு போட்டு ஊற வைக்கக் கூடாது, துருப்பிடிக்கும்... இதெல்லாம் அமெரிக்கர்களுக்கு விளக்கிச் சொல்ற விஷயம். பாட்டி வீட்டு இரும்புக் கல்லைப் பார்த்து வளர்ந்தவங்களுக்குப் புதுசு இல்லை.

ஊர்ல இருந்து கொண்டுபோன தோசைக்கல்லையே கிரில் மேல வெச்சுடலாமான்னு ஒரு புத்திசாலி கேப்பீங்க. வைக்கலாம், கல் சின்னதா இருக்கணும். கம்பி முழுக்க மூடற மாதிரி வெச்சா சூடு மேல போக வழி இல்லாம கீழேயே தங்கி பர்னரையும் குமிழையும் கெடுத்துடும். பாதி இடமாவது திறந்து இருக்கட்டும்.

சைவக் கோஷ்டிக்கு ஒரு வார்த்தை. பார்க்கிங் லாட்ல அடுப்பு பொதுச் சொத்து மாதிரி. நீங்க அசந்த நேரம் பக்கத்துக் கார்க்காரன் பாசமா வந்து பீஃப் பாட்டியை வெச்சுட்டுப் போவான். அவன் மேல தப்பு இல்லை. வாங்கும்போதே ரெண்டு துண்டா கழட்டற கம்பி வலை இருக்கற மாடலா பாருங்க. ஒரு துண்டு உங்களுக்குன்னு கலர் நூல் கட்டி வீட்டுல தனியா வெச்சுக்கலாம், சமைக்கும்போது மாட்டினா போச்சு. முதல் ரவுண்டு சைவம், அடுத்த ரவுண்டு மத்தது. எந்தச் சண்டையும் வராது.

இப்போ அந்தக் கொட்டை எழுத்து நம்பர். பி.டி.யூ.! ஒரு பவுண்டு தண்ணியை ஒரு ஃபாரன்ஹீட் டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம்தான் ஒரு பி.டி.யூ. அட்டையில போட்டிருக்கறது ஒரு மணி நேரத்துக்கான கணக்கு. 10,000 பி.டி.யூ.ன்னா சுமார் 2.9 கிலோவாட். நம்பர் பெருசா இருந்தா அடுப்பு வேகமா சமைக்கும்னு அர்த்தம் இல்லை, கேஸை அவ்வளவு வேகமா குடிக்கும்னுதான் நிச்சயமான அர்த்தம். வெப்பம் எவ்வளவு இடத்துல பரவுதுன்னு பார்க்கணும். வெபர் க்யூ 1200 மாடலுக்கு 8,500 பி.டி.யூ., சமைக்கற இடம் 189 சதுர அங்குலம். வகுத்தா அங்குலத்துக்கு 45. க்விசினார்ட்டோட குட்டி 'பெட்டிட் கூர்மே' 5,500தான், பரப்பும் 145தான். வகுத்தா 38. கோல்மேன் ரோட்ட்ரிப் 285, மூணு பர்னரும் சேர்ந்து 20,000, பரப்பு 285. அங்குலத்துக்கு 70! அப்போ கோல்மேன்தான் கில்லியான்னு கேட்டா, அதுவும் இல்லை. கனமான வார்ப்பிரும்புக் கம்பி, இறுக்கமா மூடற மூடி இருந்தா 40 சொச்சமே சிக்கனை வேக வைக்கப் போதும். மூடி ஆடிக்கிட்டு, காத்து உள்ளே புகுந்து போற தகர டப்பாவா இருந்தா 70 இருந்தும் வேஸ்ட். நவம்பர் காத்து பார்க்கிங் லாட்ல எப்படி அடிக்கும்னு போனவங்களைக் கேளுங்க. கடையில மூடியைத் திறந்து மூடிப் பாருங்க, கம்பியைக் கையில தூக்கி கனம் பாருங்க. இது ரெண்டும் அட்டை நம்பரை விட உண்மை பேசும்.

ரெண்டு பேர், மூணு பேர்னா 150 சதுர அங்குலம் சமாளிச்சுடும். லேப்பையே கூப்பிடறதா இருந்தா 200-க்கு மேல போங்க. தனி ஆள் தூக்கிட்டு ஒரு கிலோமீட்டர் நடக்கணும்னா வெயிட்டையும் பார்த்துக்குங்க. ஸ்டூடண்ட்ஸுக்குக் கிடைக்கற பார்க்கிங் எப்பவும் ஊர் எல்லையிலதான்!

அடுத்தது கேஸ். அட்டை டிசைனைப் பார்த்து வாங்கறவங்க கோட்டை விடறது இங்கேதான்.

ஆசியக் கடைகள்ல நீள டப்பா செருகற சதுர ஸ்டவ் மலிவா கிடைக்கும். டப்பாவுல இருக்கறது பியூட்டேன். பியூட்டேனோட கொதிநிலை மைனஸ் 0.5 டிகிரி செல்சியஸ். அதாவது, வெளியில பூஜ்யத்துக்குக் கீழே போயிட்டா அது டப்பாவுக்குள்ள திரவமாவே உட்கார்ந்திருக்கும், ஆவியாகி வெளியில வராது. மார்கழிக் காலையில தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்து வெச்சுக்கிட்டு நிப்போமே... அந்த நிலைமைதான். டப்பா நிறைய கேஸ் இருக்கும், அடுப்புல நெருப்பு இருக்காது. பூஜ்யத்துக்கு அஞ்சு டிகிரி மேல இருந்தாலே திணறும். ஏன்னா திரவம் ஆவியாகும்போது டப்பாவோட சூட்டையே உறிஞ்சிக்கும், டப்பா இன்னும் ஜில்லாகும். புரொப்பேனுக்குக் கொதிநிலை மைனஸ் 42. மிச்சிகன், பென்சில்வேனியா பக்கம் போறவங்க கண்ணை மூடிக்கிட்டு புரொப்பேன் அடுப்பு வாங்குங்க. டெக்சாஸ், ஃப்ளோரிடா பார்ட்டிகளுக்குப் பியூட்டேனே போதும்னு நினைக்கலாம். மலை மேல கேம்ப்பிங்னு கிளம்பற அன்னிக்குத்தான் தெரியும் சங்கதி. (டப்பா சூடாகட்டும்னு அதைச் சுத்தி அலுமினிய ஃபாயில் கட்டறது, அடுப்புப் பக்கமா தள்ளறதுன்னு எந்த வித்தையும் வேணாம். டப்பா வெடிச்சா வித்தை காட்ட ஆள் இருக்க மாட்டோம்.)

புரொப்பேன் ரெண்டு சைஸ்ல பழக்கம். தண்ணி பாட்டில் சைஸ்ல ஒரு பவுண்டு சிலிண்டர், நம்ம வீட்டு சிலிண்டரை விடக் கொஞ்சம் குட்டியா 20 பவுண்டு சிலிண்டர். ஒரு பவுண்டுல சுமார் 21,600 பி.டி.யூ. இருக்கு. 8,500 அடுப்பை ஃபுல்லா வெச்சா ரெண்டரை மணி நேரம். 20,000 அடுப்பை ஃபுல்லா வெச்சா ஒரு மணி நேரத்துல டமால், சிலிண்டர் காலி. சிக்கன் பாதி வெந்து நிக்கும்! இதுக்குத்தான் அந்த நம்பரைப் பார்த்து மயங்காதீங்கன்னேன். கேஸை பவுண்டு கணக்குல பார்த்தா குட்டி சிலிண்டர்தான் காஸ்ட்லி. அப்போ பெருசு வாங்கி ஹோஸ் போட்டு இணைச்சுடலாமே? செய்யலாம், அதுக்குன்னே அடாப்டர் ஹோஸ் விக்குது. ஆனா பெரிய சிலிண்டரை எங்கே வைப்பீங்க?

நம்ம ஊர்ல சிலிண்டர் சமையல் மேடைக்குக் கீழே குடும்ப உறுப்பினர் மாதிரி உட்கார்ந்திருக்கும். அங்கே அப்படி இல்லை. புரொப்பேன் சிலிண்டரை வீட்டுக்குள்ள வைக்கக் கூடாது, வெளியிலதான் வைக்கணும். அபார்ட்மென்ட்ல வெளின்னா பால்கனி. பல ஊர்கள் பின்பற்றற தீ விதி என்ன சொல்லுதுன்னா, மரம் மாதிரி எரியற பொருள்ல கட்டின பால்கனியிலயோ, அந்த மாதிரி சுவருக்கு 10 அடிக்குள்ளயோ கிரில் பத்த வைக்கக் கூடாது. ஒரு பவுண்டு சிலிண்டர்ல ஓடற அடுப்புக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கும் உங்க ஊர்ல உண்டா, உங்க லீஸ்ல உண்டான்னு கையெழுத்து போடறதுக்கு முன்னாடி படிச்சுப் பாருங்க. 'பால்கனியில கிரில் கூடவே கூடாது'ன்னு லீஸ்ல ஒரு வரி இருந்தா, விதியில விலக்கு இருக்குன்னு வாதாடிப் பிரயோஜனம் இல்லை. அட்வான்ஸ் போயிடும். ஆக, வெளியில வெக்க இடம் இருக்கற தனி வீடு எடுத்துத் தங்கற கோஷ்டிக்கு 20 பவுண்டு, அபார்ட்மென்ட் வாசிகளுக்கு ஒரு பவுண்டு. என் ஓட்டு இதுக்குத்தான்.

பெருசு வாங்கறவங்க ஒரு விஷயம் தெரிஞ்சுக்குங்க. வால்வை சரேல்னு திறக்காதீங்க. ரெகுலேட்டர் பக்கம் ஒரு பாதுகாப்பு அமைப்பு இருக்கு. கேஸ் திடீர்னு வேகமா பாய்ஞ்சா டியூப் அறுந்து போச்சுன்னு நினைச்சு ஓட்டத்தை அடைச்சுடும். அடுப்பு மினுக் மினுக்னு எரியும். 'அடுப்பு டுபாக்கூர்டா'ன்னு கடைக்குத் திருப்பி எடுத்துட்டுப் போவீங்க! எல்லாத்தையும் மூடிட்டு, டியூபைக் கழட்டி மறுபடி மாட்டி, வால்வை மெல்ல மெல்லத் திறந்தா சரியாயிடும்.

ஒரு பவுண்டு சிலிண்டர் காலியானதும் பெருசுல இருந்து ரொப்பிக்கலாம்னு சீனியர் யாராவது ஐடியா தருவார். அந்த சிலிண்டர் ஒரு தடவை யூஸ் பண்ணத்தான். ரொப்பி எடுத்துட்டுப் போனா 5,00,000 டாலர் வரைக்கும் அபராதம், 5 வருஷம் வரைக்கும் ஜெயில்னு சிலிண்டர் மேலயே அச்சடிச்சிருக்கும். எஃப்-1 விசாவுல இருக்கற ஆளுக்கு இந்த வம்பு தேவையா? மறுபடி ரொப்பறதுக்குன்னே செஞ்ச ஒரு பவுண்டு சிலிண்டர் தனியா விக்குது, அதை வாங்குங்க. கலிஃபோர்னியா போறவங்க முக்கியமா கவனிங்க. 2022-ல போட்ட சட்டப்படி, 2028 ஜனவரி 1 முதல் தூக்கிப் போடற ஒரு பவுண்டு சிலிண்டரை அந்த மாநிலத்துல விக்க முடியாது.

கார்ல எடுத்துட்டுப் போகும்போது சிலிண்டர் நேரா நிக்கணும், உருளக் கூடாது. வெயில்ல நிக்கற காருக்குள்ள விட்டுட்டு மேட்ச் பார்க்கப் போகக் கூடாது. விமானத்துல கேஸ் டப்பா கையிலயும் கூடாது, செக்-இன்லயும் கூடாது. ரயிலுக்கு அமெரிக்கா வரைக்கும் போக வேணாம், நம்ம மதுரையே போதும். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, ஸ்டேஷன் பக்கத்துல நின்னுட்டு இருந்த டூரிஸ்ட் கோச்ல தீ. விதியை மீறி உள்ளே கொண்டு வந்த கேஸ் சிலிண்டர்தான் காரணம்னு ரயில்வே சொன்னது. ஒன்பது பேர் போயிட்டாங்க. காலேஜ் டூர்ல 'ரெண்டு டீ போட்டுக்கலாம், குட்டி சிலிண்டர்தானே'ன்னு யாராவது பேக்குல திணிச்சா, பிளாட்பாரத்துலயே இறக்கி விடுங்க. சிலிண்டரை... கேக்கலைன்னா ஆளையும்!

இப்போ சொல்லப் போறதுக்கு மட்டும் ஜோக் கிடையாது. கேம்ப்ல ராத்திரி குளிரும், நடுங்கும், மழையும் சேர்ந்துக்கும். கிரிலை டென்ட்டுக்குள்ள கொண்டு வந்தா சமைச்ச மாதிரியும் ஆச்சு, குளிர் காய்ஞ்ச மாதிரியும் ஆச்சுன்னு தோணும். வேண்டவே வேண்டாம். மூடின இடத்துல ஆக்சிஜன் குறையக் குறைய கேஸ் அரைகுறையா எரியும், கார்பன் மோனாக்சைடு வரும். ரத்தத்துல இருக்கற ஹீமோகுளோபின், ஆக்சிஜனை விட இருநூறு மடங்குக்கு மேல இறுக்கமா இதைப் பிடிச்சுக்கும். அப்புறம் ஆக்சிஜனுக்கு இடமே இல்லை. கேஸ் லீக் ஆனா நாத்தம் வருதே, தெரிஞ்சுடாதான்னு கேப்பீங்க. அந்த நாத்தம் கம்பெனிக்காரங்க வேணும்னே கலக்கறது. எரிஞ்ச பிறகு வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. முதல்ல தலைவலி, தலைசுத்தல், குமட்டல். ஜுரம் வர்ற மாதிரி இருக்குன்னு போர்வையை இழுத்துப் போர்த்திக்கிட்டு படுத்தா எழுந்திருக்க மாட்டோம். டென்ட் மட்டும் இல்லை. வேன், கார், மோட்டல் ரூம், நாலு பக்கமும் ஷீட் இறக்கின பந்தல், எல்லாம் ஒண்ணுதான். கரி அடுப்பு இன்னும் மோசம், அணைஞ்ச மாதிரி இருக்கற கங்கும் இதைக் கக்கிக்கிட்டே இருக்கும். 2024-ல நம்ம கொடைக்கானல்ல, பார்பிக்யூ அடுப்பை ரூமுக்குள்ள வெச்சுட்டுத் தூங்கின ரெண்டு பேர் காலையில எழுந்திருக்கலை. யாருக்காவது தலை சுத்துதுன்னா முதல்ல எல்லாரும் வெளியில ஓடுங்க, அடுத்து 911-க்கு போன். நம்ம ஊர்ல 108.

மழை வந்தா? பிரெட்டும் ஜாமும் சாப்பிட்டுப் படுங்க. ஒரு ராத்திரிதானே!

பத்த வைக்கற முறை சுருக்கமா: மூடியைத் திறந்து வெச்சுட்டுத்தான் பத்த வைக்கணும். மூடி வெச்சு கேஸைத் திறந்தா உள்ளே சேர்ந்து, பொறி பட்டதும் புருவம் காலி. பத்தலைன்னா அணைச்சுட்டு அஞ்சு நிமிஷம் சும்மா இருங்க. சிலிண்டர் மாட்டினதும் இணைப்புல சோப்புத் தண்ணி தடவிப் பாருங்க, குமிழ் வந்தா லீக். சிக்கன் வெந்துச்சான்னு கலரைப் பார்த்து சொல்லாதீங்க. பத்து டாலர் சுமாருக்கு ஒரு தெர்மாமீட்டர் வாங்கி நடுவுல குத்துங்க, 165 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டணும். பச்சைக் கறியை ஐஸ் பெட்டியில இருந்து எடுத்து வெளியில ரெண்டு மணி நேரத்துக்கு மேல வைக்காதீங்க.

கேம்ப் கிளம்பறதுக்கு முன்னாடி அந்தப் பூங்காவோட தீக்கட்டுப்பாடு என்னன்னு பாருங்க. மேற்கு மாநிலங்கள்ல கோடையில விறகு, கரி ரெண்டுக்கும் தடை போடுவாங்க. குமிழைத் திருப்பினா அணையற கேஸ் அடுப்புக்குப் பெரும்பாலும் அனுமதி இருக்கும், கட்டுப்பாடு கடுமையானா அதுவும் போயிடும். ஸ்டேடியம் பார்க்கிங்லயும் ஒவ்வொரு யுனிவர்சிட்டிக்கு ஒரு ரூல்.

கடைசியா, புதுசாத்தான் வாங்கணும்னு எந்தச் சட்டமும் இல்லை. மே மாசம் பட்டம் வாங்கிட்டு ஊரைக் காலி பண்ற சீனியர்கள் மெத்தை, மேஜை விளக்கோட கிரிலையும் தள்ளிவிடுவாங்க. பாதி விலைக்கும் கீழே பேசலாம். பேசறதுக்கு முன்னாடி பத்த வெச்சுக் காட்டச் சொல்லுங்க. தீ நீலமா, வரிசையா எல்லா ஓட்டையிலயும் வரணும். மஞ்சளா ஆடினா பர்னர்ல அடைப்பு, சில சமயம் சிலந்தி கூடு கட்டியிருக்கும். பைப் பிரஷ்ஷால சுத்தம் பண்ணினா போதும், ஆனா அதைக் காட்டி பத்து டாலர் குறைச்சுடணும்! பர்னர் துருப்பிடிச்சு ஓட்டை பெருசாயிருந்தா வேணாம். ஹோஸ்ல வெடிப்பு இருந்தா புது ஹோஸ் விலையைக் கழிங்க. 20 பவுண்டு சிலிண்டரும் சேர்த்துத் தர்றேன்னா கழுத்துல குத்தியிருக்கற மாசம், வருஷத்தைப் பாருங்க. பன்னிரண்டு வருஷம் தாண்டினா மறுபடி டெஸ்ட் பண்ணாம அதுல கேஸ் ரொப்ப மாட்டாங்க. அடியில கொழுப்பு சேர்ற தட்டு வழிஞ்சு கறுத்துக் கிடந்தா, சீனியர் அதைக் கழுவினதே இல்லைன்னு அர்த்தம். அந்தக் கொழுப்புதான் ஒருநாள் தீப்பிடிக்கும். கழுவிக் கொடுத்தாத்தான் காசுன்னு சொல்லிடுங்க.

அடுத்த வாரம்: நாலு பேர் ரூம்ல கரன்ட் பில் பிரிக்கறது எப்படி? அதுவரைக்கும்... ஜூட்!